தரவிறக்கிய கோப்பின் தமிழ்ப் பெயர் ஏன் சிதைகிறது?

தளத்தில் ஒழுங்காகத் தெரியும் தமிழ்ப் பெயர், இறக்கியதும் கிறுக்கலாகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பயம் வேண்டாம்: கெட்டது பெயர் மட்டும்தான், உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கும். கடைசியில் உள்ள '.பிடிஎஃப்' போன்ற நீட்சியைத் தொடாமல் பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.

கிறுக்கலை உற்றுப் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வருகிறதா? எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் 3 பைட். பிரௌசர் அதை, ஓர் எழுத்துக்கு ஒரே பைட் என்ற பழைய லத்தீன்-1 முறை என்று நினைத்து, ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்துவிட்டது. சதவீதக் குறிகளாக வந்தால் கதை வேறு. ஒவ்வொரு பைட்டையும் '%' குறியோடு எழுதி அனுப்பிய (இதுதான் சதவீதக் குறியேற்றம்) பெயரை யாரும் திருப்பி அவிழ்க்கவில்லை.

வேறொரு பிரௌசரிலும் இறக்கிப் பாருங்கள். அங்கும் அப்படியே என்றால் கோளாறு பெரும்பாலும் சர்வரில்தான். கோப்போடு சேர்த்து அதன் பெயரையும் சர்வர் சொல்லி அனுப்பும் 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' தலைப்பில் வெறும் 'ஃபைல்நேம்' மட்டும் அனுப்பியிருப்பார்கள். அதோடு, நட்சத்திரக் குறி சேர்த்த 'ஃபைல்நேம்' ஒன்றில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு, பெயரைச் சதவீதக் குறியேற்றத்தில் அனுப்ப வேண்டும். 2011-இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 6266 சொல்லும் வழி இதுதான். தளத்தை நடத்துபவருக்கு இதை அப்படியே எழுதி அனுப்புங்கள்; பெரும்பாலும் ஒரு வரித் திருத்தம்தான்.