காட்டு முகாமில் குதிரையோடு மூன்று இரவு
வாசகர் கேள்வி – பதில்

நோவை, மிச்சிகனிலிருந்து ஒரு வாசகி: மகள் குதிரையேற்றம் பழகி மூன்று வருடம் ஆகிறது. கிரேலிங் அருகே, ‘ஷோர் டு ஷோர்’ என்ற குதிரைச் சவாரிப் பாதையை ஒட்டிய கூஸ் கிரீக் முகாமில் இரண்டு குதிரைகளோடு மூன்று இரவு தங்கப் போகிறோம். ராத்திரி குதிரைகளை டிரெய்லரிலேயே கட்டிவிடலாமா?

ஓரிரவு என்றால் சமாளிக்கலாம். மூன்று இரவுக்கு வேண்டாம். தகர விளிம்பில் கால் கிழியும், நடமாட்டம் இல்லாமல் கால் வீங்கும். ஹைலைன் என்கிற மேல்கயிறுதான் நல்லது: இரண்டு மரத்துக்கோ கம்பத்துக்கோ நடுவே குதிரையின் தலைக்கு மேலே இழுத்துக் கட்டும் கயிறு. முகாமில் அதற்கென்று கம்பம் நட்டிருந்தால் அதில் கட்டுங்கள். மரத்தில் கட்டலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிரோடு நிற்கும், குறைந்தது 8 அங்குல விட்டமுள்ள இரண்டு மரங்கள் வேண்டும். கயிற்றை நேராக மரத்தில் சுற்றினால் பட்டை அறுந்து மரமே பட்டுப்போகும். ஆகவே 2 அங்குலத்துக்குக் குறையாத அகல நாடாவை முதலில் சுற்றி, கயிற்றை அதன் வளையத்தில் மாட்டுங்கள். உயரம் 7 அடி, அதாவது குதிரை தலை தூக்கினாலும் அதற்கு மேலே. இழுத்தால் நீளாத வகைக் கயிறாக, 12 மில்லிமீட்டர் கனத்தில் வாங்குங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சாதாரண நைலான் கயிறு நனைந்தால் இன்னும் நீளும். சாயங்காலம் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது, நடுராத்திரியில் தொட்டில்போல் தொங்கும். அந்தத் தொய்வு, குதிரையை மேல்கயிற்றோடு பிணைக்கும் தலைக்கயிற்றுக்கு ஒரு முழம் கூட்டிக் கொடுத்துவிடும். குதிரை முன்காலைக் கயிற்றின்மேல் போட்டுக்கொள்ளும், பிறகு மிரண்டு இழுக்கும். கட்டி ஒரு மணி நேரம் கழித்தும், படுக்கப் போகுமுன்னும் மறுபடி இறுக்குங்கள்.

தலைக்கயிற்றைத் தொங்கவிட்டால் அதன் கொக்கி தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் நிற்கட்டும். முறுக்கு ஏறாதபடி சுழல்கொக்கி போடுங்கள். மரத்திலிருந்து குறைந்தது 6 அடி, குதிரைக்குக் குதிரை 10 அடி தள்ளி, மேல்கயிற்றில் நகராதபடி போட்ட வளையங்களில் கட்டுங்கள். வளையம் நகர்ந்தால் இரண்டும் ஒரே மரத்தடியில் போய்ச் சேர்ந்து வேரைக் கிளறும். முடிச்சு, வால்நுனியை ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்வதாக இருக்கட்டும். கூர்மையான கத்தி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

முகாமுக்குப் போகுமுன் வீட்டிலோ லாயத்திலோ ஒரு முழு ராத்திரி இப்படிக் கட்டிப் பாருங்கள். காட்டில் முதல்முறை என்பது சரிப்படாது.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: நம்மூர் வழக்கப்படி முளையடித்துக் கட்டினால் என்ன? தளை போட்டு மேயவிடக் கூடாதா?

வடமிச்சிகனில் பல இடங்களில் மணல் தரை. முளை சுலபமாகப் பிடுங்கிக்கொள்ளும். பின்னால் முளை துள்ளித் துள்ளி வரும் குதிரையை யாரும் நிறுத்த முடியாது. நீளக்கயிறு குளம்புக்கு மேலே கணுவில் சுற்றினால், அறுத்த காயம் ஆற வாரக்கணக்காகும். தளை போட்டால் ஓடாது என்பது நம் நம்பிக்கைதான். பழகிய குதிரை இரண்டு முன்காலையும் சேர்த்துத் தூக்கித் தாவிப் போய்விடும்.

ஆன் ஆர்பரிலிருந்து ஒரு வாசகர்: தண்ணீர், தீனி எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

இவ்வகை முகாமில் இருப்பது கைப்பம்பு, குழிக்கழிப்பறை, நெருப்பு வளையம், அவ்வளவே. மின்சாரம் கிடையாது. ஒரு குதிரைக்கு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர், வெயிலில் இன்னும் அதிகம். அளவைவிடச் சுவைதான் சிக்கல். கிணற்று நீரில் இரும்பு வாடை அடித்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. புறப்பட நாலைந்து நாள் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து பழக்கி, முகாமிலும் அதையே கலந்து வையுங்கள். முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரே கொண்டுபோவது உத்தமம். குடிக்காத குதிரைக்குக் குடலில் தீனி இறுகிச் சூலை என்கிற கடும் வயிற்றுவலி வரும். முன்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, லத்தி நின்றுபோவது என்று எது தெரிந்தாலும் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். செல்போன் சிக்னல் எங்கே எடுக்கிறது என்று வந்த அன்றே பார்த்து வையுங்கள்.

உலர்புல் உடல் எடையில் 2 சதவீதம். 450 கிலோ குதிரைக்கு நாளைக்கு 9 கிலோ, நான்கு நாளுக்கு 36 கிலோ. ஒரு நாள் தீனி கூடுதலாக இருக்கட்டும். வீட்டில் தின்னும் அதே புல்லைக் கொண்டுபோங்கள். மாற்ற வேண்டியிருந்தால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவேண்டும். மேற்கு மாநிலத் தேசிய வனங்கள் பலவற்றில் களைவிதையற்றது என்று சான்று பெற்ற புல்லைத்தான் அனுமதிப்பார்கள்.

அதே வாசகர்: எந்த மரத்தடியைத் தவிர்க்கவேண்டும்?

சிவப்பு மேப்பிளும் காட்டுச் செர்ரியும். பச்சை இலையைவிட வாடிய இலைதான் ஆபத்து. மேப்பிள் சிவப்பணுக்களை அழிக்கும், செர்ரி இலையில் சயனைடு உண்டாகும். காற்றில் கிளை முறிந்து விழுந்திருந்தால் எட்டும் தூரத்தில் விடாமல் அப்புறப்படுத்துங்கள்.

டிராயிலிருந்து ஒரு வாசகி: லத்தியை என்ன செய்வது?

சிறுநீரோடு சேர்த்து ஒரு குதிரைக்கு நாளைக்கு ஏறக்குறைய 23 கிலோ கழிவு. முள்வாரியும் தார்ப்பாயும் கொண்டுபோங்கள். முகாமில் அதற்கென்று இடம் இருந்தால் அங்கே கொட்டுங்கள், இல்லையேல் டிரெய்லரில் ஏற்றித் திரும்பக் கொண்டுவாருங்கள். நீர்நிலையிலிருந்து 200 அடிக்குள் குதிரையைக் கட்டவேண்டாம். பறித்த குழிகளை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

மாநில எல்லை தாண்டுவதாக இருந்தால், 12 மாதத்துக்குள் எடுத்த காகின்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்றும் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் வண்டியிலேயே இருக்கட்டும். மாட்டு ஈ பரப்பும் தொற்று ரத்தசோகைக்கான பரிசோதனைதான் காகின்ஸ். அந்நோய்க்கு மருந்தில்லை என்பதால்தான் இவ்வளவு கெடுபிடி.