மூச்சுப் பயிற்சி வீடியோவில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றல்

பரீட்சைப் பயம் தணிய வகுப்பில் போடும் மூச்சுப் பயிற்சி வீடியோவில் பிள்ளைகளுக்குத் தலை சுற்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள், டீச்சர். "ஆழமா இழுங்க" என்று சொல்லும் அந்த வீடியோவை விட்டுவிடுங்கள். மெதுவாக வெளியே விடுவதுதான் முக்கியம். தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் மெட்ரிக் (பள்ளி இறுதியாண்டு) பிள்ளைகளுக்குத் தலை சுற்றி விரல்நுனி மரத்துப்போவது, அநேகமாகப் பெரிய பெரிய மூச்சாக வேகமாக எடுப்பதால்தான். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது.

நாளைக்கு வீடியோ இல்லாமல் நீங்களே எண்ணுங்கள். மூக்கால் சாதாரண மூச்சு. 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. இரண்டு நிமிடம் போதும். தலைசுற்றல் வரவில்லையென்றால் அந்த வேகமான பெரிய மூச்சுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் ஸ்டாஃப் ரூமில் நீங்கள் செய்து பாருங்கள், தாள் திருத்திக் களைத்த உங்களுக்கும் அது வேண்டும்.

அப்புறம், ஆஸ்துமா உள்ள பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பரீட்சைப் பயத்தில் தூக்கமே கெட்டுப்போன பிள்ளைக்கு இது போதாது. பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைன் 116-க்குப் பேசச் சொல்லுங்கள், இலவசம்தான்.