'தி ஹோஸ்ட்' நாவல் அறிவியல் புனைகதை வாசகர்களை ஏன் ஏமாற்றுகிறது?

அதன் தொடக்கம்தான் காரணம். ஸ்டெஃபனி மேயரின் இந்த 2008 நாவலில், 'ஆன்மாக்கள்' எனும் வேற்றுக்கிரக ஒட்டுண்ணிகள் மனித உடல்களுக்குள் புகுந்து பூமியைச் சத்தமில்லாமல் பிடித்துவிடுகின்றன. வன்முறை ஒழிகிறது, பணமே தேவையில்லை. ஆக்கிரமித்தவன் நம்மைவிட நல்லவன் என்றால் அவனை எதிர்ப்பது சரியா? அருமையான கேள்வி. வாண்டரர் என்ற ஆன்மா குடியேறிய உடலில், அந்த உடலுக்குச் சொந்தக்காரியான மெலனியின் மனமும் அழியாமல் மல்லுக்கட்டுகிறது.

அப்புறம், தப்பிய மனிதர்கள் ஒளிந்திருக்கும் அரிசோனா பாலைவனக் குகை. வாண்டரர் அங்கே போனதும் மெலனியின் காதலன் ஜேரட், வாண்டரரை விரும்பும் இயன் என்று கதை காதலுக்குள் சுருங்கிவிடுகிறது. ஓர் உடல், இரண்டு மனம், இரண்டு காதல்: இந்தச் சிக்கலை அறிவியல் புனைகதையால்தான் தர முடியும், அதனால் காதலை நான் குறை சொல்லமாட்டேன். வெளியே மாறிப்போன உலகத்தை ஆசிரியர் பெரும்பாலும் மறந்துவிடுகிறாரே, அதுதான் என் வருத்தம்.