காட்டெருமைகளும் ஒரு புதிய பரவலும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாரம் எத்தனை காட்டெருமைகள் இறங்குகின்றன என்று குறித்து வருகிறேன். பல வாரம் பூஜ்யம், சில வாரம் கும்பலாக. தற்செயல் நிகழ்வுகளை எண்ண வழக்கமாகப் பயன்படுத்தும் பாய்சான் (Poisson) பரவல் பொருந்தவே இல்லை. எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்காக மூன்று பண்பளவைகள் (parameters, தரவுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் எண்கள்) கொண்ட புதிய பரவல் ஒன்றை உருவாக்கினேன். நன்றாகப் பொருந்துகிறது. இது போதுமா?

ர., கோத்தகிரி

அன்புள்ள ர.,

மூன்று பண்பளவைகள் கையில் இருந்தால் பொருந்தாமல் எங்கே போகும்? பழைய சூத்திரத்தில் ஒன்றைக் கூட்டிப் புதுப்பெயர் வைக்கும் கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

பாய்சான் ஏன் தோற்றது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு வருகையும் மற்றதைச் சாராதது என்று அது கொள்கிறது. காட்டெருமை அப்படியா வருகிறது? மந்தைகள் பாய்சான்படி வந்து, மந்தையின் அளவு மடக்கைத் தொடர் பரவலில் (logarithmic series, சிறிய எண்களே அதிகம் வருவது) இருந்தால், மொத்தம் எதிர்மறை ஈருறுப்புப் பரவலாகிவிடும் (negative binomial, பாய்சானைவிட அதிகம் சிதறுவது). ஆனால் 1920-லேயே கிரீன்வுட், யூல் என்ற புள்ளியியலாளர்கள் விபத்துக் கணக்குகளில் இதே பரவலுக்கு வேறு வழியாக வந்தார்கள்: விபத்துகள் பாய்சான்தான், ஆளுக்கு ஆள் வீதம் மட்டும் காமா பரவலில் மாறுகிறது. உங்களுக்கு அது வாரத்துக்கு வாரம் மாறும் வீதம். பொருத்தத்தை மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

அதனால்தான், நிகழ்வு எப்படி நடக்கிறது என்று எழுதும் சமன்பாட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். உங்கள் பக்கத்து ஊட்டியில் காஸ்மிக் கதிர்ப் பொழிவுகளை (விண்வெளியிலிருந்து வரும் துகள் ஒன்று பலவாகப் பெருகுவதை) அளக்கிறார்களே, அந்தத் துறையில் நல்ல உதாரணம் உண்டு. துகள் பெருகும் பொழிவில் ஏற்ற இறக்கம் பாய்சான் என்று இயற்பியலாளர்கள் பாபாவும் ஹைட்லரும் 1937-இல் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஃபர்ரி என்ற இயற்பியலாளர், ஈயத்துக்குள் இன்னும் சிறிது தூரம் போனால் நிகழ்தகவு எப்படி மாறும் என்று எழுதிப் பார்த்தார். எத்தனை துகள் இருக்கிறதோ, அடுத்தது பிறக்க அத்தனை மடங்கு வாய்ப்பு. தீர்த்தால் பெருக்குப் பரவல் (geometric distribution) வருகிறது. சராசரி 100 என்றால் திட்டவிலக்கம் பாய்சானில் 10, ஃபர்ரியிடம் கிட்டத்தட்ட 100! இது மிகைதான், துகள்கள் ஆற்றல் இழப்பதை அவர் சேர்க்கவில்லை. ஆனால் கோளாறு எங்கே என்று சமன்பாட்டிலேயே தெரிகிறது. உங்கள் மூன்றாவது பண்பளவை அப்படி எதையாவது காட்டிக்கொடுக்குமா?

சரி, இனி மொத்தத் தலைகளை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மந்தை, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். மந்தைகளின் எண்ணிக்கை பாய்சானுக்கு அடங்கினால் மந்தை என்ற முதல் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடங்காவிட்டால், வீதம் வாரத்துக்கு வாரம் எதனால் மாறுகிறது என்று அறிய மழையளவையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், தனியாகத் திரியும் காளையையும் ஒரு மந்தையாகவே எண்ணுங்கள். மடக்கைத் தொடர் பரவல் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.