வராதவர் மீது பெற்ற தீர்ப்பு

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் கடன் வசூல் சட்டப் பிரிவின் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான்கு வழக்கறிஞர்களும் ஆறு எழுத்தர்களும் என் கீழ் வேலை செய்கிறார்கள். எத்தனை வழக்குப் பதிந்தோம், எத்தனை தீர்ப்புப் பெற்றோம் என்ற இரண்டு கணக்குகளைத்தான் மாதக் கூட்டத்தில் கேட்கிறார்கள். இரண்டும் ஏறியிருப்பதால் பாராட்டும் கிடைத்தது.

சென்ற வாரம் செந்தூலிலிருந்து ஓர் அம்மா முகப்புக்கு வந்தார். மகன் பெயரில் வந்த தீர்ப்பு நகலைக் காட்டி, "ஐயா, இதுக்காக என் மகன் ஜெயிலுக்குப் போகணுமா?" என்று கேட்டார். வழக்கறிஞரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று முதல் மனம் ஒப்பவில்லை. பொதுப்பணத்தை வசூலிக்கும் இடத்தில் இரக்கம் காட்டினால் கடமை தவறியவன் ஆவேனா? இத்தகைய குழுவை எப்படி மேற்பார்வையிடுவது? பல ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

பொதுப்பணத்தை வசூலிப்பதில் தயக்கமே வேண்டாம். திரும்பி வரும் பணத்திலிருந்துதான் அடுத்தவருக்குக் கடன் கிடைக்கிறது. தவணை தவறாமல் கட்டியவர்களுக்கும் நீங்கள் பொறுப்பு. கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, உங்கள் வழக்கறிஞர்களுக்கும் இல்லை. வசூலிக்க இயலாது என்று தோன்றினால் காரணங்களை எழுதி, அதிகாரம் உள்ளவருக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். ஆகவே இரக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பாராட்டுப் பெற்ற அந்த எண்ணிக்கையைப் பார்ப்போம்.

அந்தத் தீர்ப்புகளில் எத்தனை, பிரதிவாதி நீதிமன்றத்துக்கு வந்து, தம் பதிலைச் சொல்லி, நீதிபதி கேட்ட பிறகு கிடைத்தவை? எண்ணிப் பாருங்கள். என் அனுபவத்தில் அவை மிகச் சிலவே. 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளின்படி, சம்மனைப் பிரதிவாதியின் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு ஏ.ஆர். (பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டையுடன்) பதிவுத் தபாலில் அனுப்பலாம். சேர்ப்பித்த 14 நாளுக்குள் அவர் முன்னிலையாகாவிட்டால், திட்டவட்டமான தொகைக்கு அப்படியே தீர்ப்புப் பெற்றுவிடலாம். அங்கே சாட்சி இல்லை, விசாரணை இல்லை. நாம் எழுதிய தொகை சரிதானா என்று யாரும் கேட்பதில்லை. எதிர்த்தரப்பின் மௌனத்தை வைத்துக் கிடைக்கும் தீர்ப்பு அது. அந்தத் தொகையைச் சரிபார்க்கும் கடைசி ஆள், கோப்பில் கையெழுத்திடும் மேற்பார்வையாளர்தான். இந்த வேலையின் மையம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன் என்பதால் ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

சிறுதொழில் கடன் வாங்கிய ஒருவர்மீது எங்கள் பிரிவு வழக்குப் பதிந்தது. கோப்பிலிருந்த முகவரி ஒரு தோட்டத்து லயத்து வீடு. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பதிவுத் தபால் 'பிண்டா', அதாவது வீடு மாறிவிட்டார், என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. எழுத்தர் அதை ஒழுங்காகக் கோப்பில் தைத்து வைத்தார். மாற்று முறையில் சேர்ப்பிக்க அனுமதி பெற்று, அவர் படிக்காத ஒரு மொழி நாளிதழில் விளம்பரம் போட்டோம். தீர்ப்பு கிடைத்தது. கடனாளியின் வங்கிப் பணத்தைப் பிடித்துவைக்கும் கார்னிஷி ஆணையால் வங்கிக் கணக்கு முடங்கியபோதுதான் அந்த மனிதருக்கு வழக்கு நடந்ததே தெரிய வந்தது.

ஒரு பிளாஸ்டிக் பையில் ரசீதுகளை எடுத்துக்கொண்டு வந்தார். மங்கிப்போன தாள்கள், ஒன்றும் தொலையவில்லை. அவர் கட்டியதில் ஏழு தவணைகள் வேறொருவர் கணக்கில் ஏறியிருந்தன. அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தை யாரோ தவறாகப் பதிந்திருந்தார்கள். நம் நாட்டு அடையாள அட்டை எண் 12 இலக்கங்கள் கொண்டது. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அவருடைய பணம் போய்ச் சேர்ந்த எண் இரட்டைப்படையில் முடிந்திருந்தது. வரவுப் பட்டியலை ஒரு முறை கண்ணோட்டியிருந்தால், ஓர் ஆணின் பெயரில் வந்த பணம் ஒரு பெண்ணின் கணக்கில் கிடப்பது தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். தீர்ப்பை நீக்க அவர் மனுச் செய்தபோது நாங்கள் ஒப்புக்கொண்டோம். ஆனால் கணக்கு முடங்கியிருந்த வாரங்களில் அவர் பட்டதை யாரும் திருப்பித் தர முடியாது.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் பத்துக் கோப்புகளை முன்கூட்டித் தேர்ந்தெடுக்காமல் உருவி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை நானே படித்தேன். சுருக்கத்தைத் தொடவில்லை, திரும்பி வந்த உறை, வரவுப் பட்டியல், தொலைபேசிக் குறிப்பு ஆகியவற்றைப் பார்த்தேன். தவறுகள் பெரும்பாலும் அந்த மூன்றில்தான் கிடந்தன. உங்கள் மாத அறிக்கையிலும் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: திரும்பி வந்த தபால் எத்தனை, உண்மையில் கைக்கு வந்த பணம் எவ்வளவு. தீர்ப்பும் பணமும் ஒன்றாகா. தீர்ப்புக்கு 12 ஆண்டுகள் உயிர் உண்டு, ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியும் ஏறும். ஆனாலும் அலமாரியில் உறங்கும் தீர்ப்புகளால் ஒருவருக்கும் பயனில்லை. மாதம் 100 ரிங்கிட் கட்டுகிறேன் என்று நேரில் வந்து ஒப்புக்கொண்டு கட்டுகிறவர் அவற்றைவிட மேல்.

கால வரம்பையும் நீங்களே பாருங்கள். 1953-ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டத்தின்படி ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டுகள். வரி பாக்கியை வசூலிக்கும் அரசுக்கு அந்த வரம்பு பொருந்தாது. சில அமைப்புகளுக்கு அவற்றின் சொந்தச் சட்டத்தில் தனி விதி இருக்கக்கூடும் என்பதால் முதலில் அதைப் படியுங்கள். கடனாளி ஐம்பது ரிங்கிட் கட்டினாலும், கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலும், ஆறு ஆண்டுக் கணக்கு அன்றிலிருந்து மீண்டும் தொடங்கும். தொலைபேசியில் பேசும் எழுத்தர்களுக்கு இது தெரியும். மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாது. "ஏதாவது கொஞ்சம் கட்டுங்கள்" என்ற வார்த்தையின் எடையை உங்கள் குழு உணர்ந்திருக்க வேண்டும்.

பழைய கடித மாதிரிகளைக் களையுங்கள். திவால் நடவடிக்கைக்கான குறைந்தபட்சக் கடன் முன்பு 30,000 ரிங்கிட்டாக இருந்தது. 2017-இல் 50,000 ஆனது. 2021 செப்டம்பரிலிருந்து 1,00,000. பிள்ளையின் கல்விக் கடனுக்காக இலாப நோக்கின்றி ஜாமீன் கையெழுத்திட்ட தந்தையைச் சமூக ஜாமீன்தாரர் என்று சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அவரைத் திவாலாக்க முடியாது. இருபதாயிரம் பாக்கிக்கு இன்னும் திவால் என்று மிரட்டும் கடிதம் உங்கள் கணினியில் இருந்தால், அதில் உள்ளது பொய். உங்கள் பிரிவின் பெயரில் பொய் தபாலில் போகக்கூடாது.

இனி அந்த அம்மா. எதிர்த்தரப்புக்கு நாம் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது என்பது சரியான எல்லை. ஆனால் ஆலோசனை வேறு, தகவல் வேறு. மலாயில் முத்திரையோடு வரும் தாள் எதுவானாலும் நம் பெரியவர்கள் பலருக்குச் சம்மன்தான், சம்மன் என்றால் போலீஸ்தான். பயத்தில் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவிடம் இவ்வளவு சொல்லலாம்: இது பணம் சம்பந்தமான தீர்ப்பு. இந்தத் தாளுக்காக மட்டும் யாரும் சிறைக்குப் போவதில்லை. பின்னால் தவணை கட்டச் சொல்லும் நீதிமன்ற ஆணை வந்து, அதையும் அலட்சியம் செய்தால்தான் அந்தப் பேச்சு எழும். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவித் துறையில் கேட்டுப் பாருங்கள். இதைத் தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் போதும், எந்த விதியும் தடுக்காது. மாதம் அரை நாள் நீங்களும் முகப்பில் உட்காருங்கள்; திட்டு வாங்குவது எழுத்தர்கள் என்பதும் அப்போது தெரியும்.

அவர் மகனுடைய கோப்பை நாளைக் காலையில் எடுத்துவரச் சொல்லுங்கள். எந்த முகவரிக்குத் தபால் போனது, யார் கையெழுத்திட்டு வாங்கினார், கட்டிய தவணை எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தவறாகச் சேர்ப்பிக்கப்பட்டிருந்தால் தீர்ப்பை நீக்க நம் தரப்பே ஒப்புக்கொள்ளலாம். எல்லாம் சரியாக இருந்தால் வசூலைத் தொடருங்கள். ஆனால் காலம் தாழ்த்தாதீர்கள்: வராத நிலையில் வந்த தீர்ப்பை நீக்கக் கேட்க, அது கையில் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு இருப்பது 30 நாள். அதில் குறைந்தது ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.