காலுக்கும் மோட்டாருக்கும் நடுவே: மின்கார் மென்பொருள் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

மின்வண்டிகளின் மோட்டார் கட்டுப்பாட்டு மென்பொருளை வண்டியிலேற்றி, சாலையில் ஓட்டிப் பார்த்து அளவு சரிசெய்வது என் தொழில். அப்டேட்டுக்குப் பிறகு வண்டியின் போக்கு மாறிவிட்டது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இரவில் அப்டேட் ஏறியது. காலையில் ஆக்சிலரேட்டரை வழக்கமான அளவு அழுத்தினால் வண்டி சோம்பலாகப் புறப்படுகிறது. யாரும் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லையே! இது என் மனப்பிரமையா, ஐயா? (சேலம்)

பிரமையாக இருக்க வேண்டியதில்லை. பழைய பெட்ரோல் வண்டியில் ஆக்சிலரேட்டர் மிதியடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு கம்பி ஓடியது. கால் அழுத்தினால் கம்பி இழுபடும், காற்றுவழி திறக்கும். மின்காரில் மிதி என்பது வெறும் விண்ணப்பம். எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதை மிதியடியிலுள்ள சென்சார்கள் கணினிக்குச் சொல்கின்றன. ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்க வேண்டுமென்று அவற்றை இரட்டையாக வைப்பார்கள். கணினி அந்த அளவையும் வண்டியின் வேகத்தையும் ஓர் அட்டவணையில் வைத்துப் பார்த்து, இவ்வளவு முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் விசை) தரலாம் என்று தீர்மானித்து, பேட்டரி தாங்குமா, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் சூடேறியிருக்கிறதா, டயர் வழுக்குகிறதா என்றெல்லாம் விசாரித்த பின்பே மோட்டாருக்கு உத்தரவு போகிறது. அந்த அட்டவணையில் சில எண்களை மாற்றினால் போதும், அதே கால் அழுத்தத்துக்கு வேறொரு வண்டி கிடைத்துவிடும்.

நின்ற நிலையிலிருந்து புறப்படும் முதல் அரை வினாடிக்குத்தான் நாங்கள் அதிகம் மெனக்கெடுவோம். மின்மோட்டார் சில மில்லி வினாடிகளிலேயே முழு முறுக்குவிசையைத் தந்துவிடும். அதை அப்படியே விட்டால் கியர்ப் பற்கள் மோதி, சக்கரத்துக்குப் போகும் தண்டு முறுகி, வண்டி முன்னும் பின்னும் உதறும். ஆகவே வேண்டுமென்றே மெதுவாக ஏற்றுகிறோம். நெரிசலில் வண்டி குதிக்கிறது என்று நிறையப் பேர் புகார் செய்தால், நிறுவனம் மிதியின் முதல் கால்பங்கை இன்னும் மென்மையாக்கிவிடும். உங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். காலியான சாலையில் மிதியை முழுக்க அழுத்திப் பாருங்கள். பழைய வேகம் அப்படியே இருந்தால், மாறியது மிதியின் அட்டவணை. மோட்டாரின் பலம் குறையவில்லை.

கேள்வி: மென்பொருளால் வண்டியின் வேகம் கூடும் என்கிறார்களே, அந்தக் கூடுதல் பலம் எங்கிருந்து வருகிறது?

முன்பே ஒதுக்கி வைத்திருந்ததிலிருந்து வருகிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் அது தாங்கும் எல்லை ஒன்றுண்டு. அந்த எல்லைக்குச் சற்று உள்ளே ஒரு கோடு கிழித்து வண்டியை விற்பார்கள். சில ஆண்டுகள் ஓடிய பிறகு, இன்வெர்ட்டர் நினைத்த அளவுக்குச் சூடாவதில்லை என்று தெரிந்தால் கோட்டைச் சற்று நகர்த்துவார்கள். டெஸ்லா 2015 ஜனவரியில் மாடல் எஸ் பி85டி வண்டிக்கு இன்வெர்ட்டர் கணக்கீட்டை மட்டும் மாற்றி, மணிக்கு 60 மைல் வேகம் எட்டும் நேரத்தில் ஏறக்குறைய 0.1 வினாடி குறைத்தது. போல்ஸ்டார் 2 என்ற மின்காரின் இரட்டை மோட்டார் வகைக்கு, காசு கொடுத்தால் 50 கிலோவாட் கூடுதலாகத் திறந்துவிடும் அப்டேட் வந்தது. மெர்சிடீஸ் 2022 இறுதியில் இதையே ஆண்டுக்கு 1,200 டாலர் சந்தாவாக அமெரிக்காவில் அறிவித்தது.

சந்தாவைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்கும் கம்பிச்சுருளுக்கும் முழு விலை வாங்கிக்கொண்டு, அதை இயக்க வாடகை கேட்பது வீட்டை விற்றுவிட்டு மாடிப்படிக்குக் கட்டணம் கேட்பது போன்றது. ஆனால் பலம் கூடினால் தேய்மானமும் வாரண்டிச் செலவும் கூடும் என்பது நிறுவனத்தின் தரப்பு வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

கேள்வி: வேகம் சரி. பிரேக்கையும் மென்பொருள் மாற்றுமா? தட்டும் கட்டையும் தானே பிரேக்? (மதுரை)

இதற்கு 2018-இல் நடந்ததே நல்ல உதாரணம். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு, டெஸ்லா மாடல் 3-ஐ மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிறுத்திப் பார்த்தபோது அதற்கு 152 அடி தேவைப்பட்டது. அதாவது சுமார் 46 மீட்டர். முதல் முறை நன்றாகவே நின்ற வண்டி, அடுத்தடுத்த முறைகளில் நீண்ட தூரம் ஓடியது. பிரேக்கை இரவு முழுவதும் ஆறவிட்டுப் பார்த்தும் முதல் முறை கிடைத்த அளவு திரும்ப வரவில்லை. அந்த மே மாதத்தில் வண்டியைப் பரிந்துரைக்க மறுத்தார்கள். நிறுவனம், டயர் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் அளவமைப்பைத் திருத்தி, காற்றுவழியாகவே, அதாவது கம்பியில்லா இணைப்பில், அனுப்பியது. சுமார் ஒரு வாரத்தில், அதே அமைப்பு அதே வண்டியைச் சோதித்தபோது 133 அடியில் நின்றது. 19 அடி என்பது ஏறக்குறைய ஒரு காரின் நீளத்துக்கும் மேல்.

தட்டும் கட்டையும் டயரும் மாறவில்லை. டயர் பூட்டிக்கொள்ளும் விளிம்பில் பிரேக் அழுத்தத்தை எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு விரைவில் திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற தீர்மானம் மட்டுமே மாறியது. டயரின் பிடிமானம் தரக்கூடிய தூரம் முன்பே இருந்தது. பழைய மென்பொருள் அதை முழுக்கப் பயன்படுத்தவில்லை. இச்செய்தியைப் படித்தபோது எங்கள் துறையினருக்கு வியப்பும் இருந்தது, சங்கடமும் இருந்தது: ஒரு வாரத்தில் திருத்த முடிந்தது, விற்பனைக்கு முன் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

கேள்வி: புதிய அப்டேட்டுக்குப் பிறகு ரீஜென் வேலை செய்யவில்லை. ஊட்டியிலிருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி பிடிக்காமல் உருண்டது, பயந்துவிட்டோம். (கோவை)

கிளம்பும்போது பேட்டரி எத்தனை சதவீதம் இருந்தது என்று முதலில் சொல்லுங்கள். விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு 100 சதவீதத்துடன் இறங்கியிருந்தால், அப்டேட்டின் மீது பழி போட வேண்டாம். ரீஜென் என்றால் மோட்டாரை டைனமோவாகச் சுழற்றி வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்குள் தள்ளுவது. நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? பேட்டரி நிறைந்திருந்தாலும் மிகக் குளிர்ந்திருந்தாலும் கணினி ரீஜெனைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். 1,800 கிலோ எடையுள்ள வண்டி இந்த 1,900 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஒன்பது யூனிட்டுக்கும் சற்றுக் கூடுதல். டயர் உருளும் தடையும் காற்றும் எடுத்துக்கொண்டது போக, மாற்று இழப்பும் கழிந்த பின், நான்கு அல்லது ஐந்து யூனிட் பேட்டரிக்குத் திரும்பலாம். 40 யூனிட் பேட்டரியில் அது பத்து, பன்னிரண்டு சதவீதம். ஆகவே மலையுச்சியில் 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிட்டு இறங்குவதே முறை. மற்றபடி, காலை எடுத்ததும் வண்டி பிடிக்கவில்லையென்றால் சாதாரண பிரேக் இருக்கிறது என்பதைக் கால் மறந்துவிடக் கூடாது. ஒற்றை மிதியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்த மறதி வரும்.

பாதி சார்ஜில், சமவெளியில், இளஞ்சூட்டு வானிலையிலும் ரீஜென் குறைந்திருந்தால் மட்டும் அப்டேட்டைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நாற்பது ஆண்டு பெட்ரோல் வண்டி ஓட்டியவர். காலை எடுத்தாலே வண்டி நிற்பது அவருக்குப் பிடிபடவில்லை. என் வண்டியில் அதைக் குறைக்கும் தேர்வே இல்லை. அப்டேட்டில் வருமா?

வரலாம், வந்ததற்கு முன்னுதாரணம் உண்டு. சீனாவின் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு 2023 மே மாதத்தில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பை வெளியிட்டது. ரீஜென் எவ்வளவு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஓட்டுநருக்கு வழியில்லை, மிதியை நெடுநேரம் ஆழ அழுத்தினால் போதிய எச்சரிக்கையும் இல்லை. இவை சேர்ந்தால் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வாய்ப்பு கூடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். தீர்வாகத் தேர்வும் எச்சரிக்கையும் காற்றுவழி அப்டேட்டாகவே வந்தன. பெரும்பாலான வண்டிகள் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, அப்டேட் வரும்வரை நீங்கள் உடனிருந்து காலியான மைதானத்தில் ஓரிரு மணி நேரம் பழக்குங்கள். காலை முழுக்க எடுக்காமல், மெல்ல மெல்லத் தளர்த்தக் கற்றுக்கொண்டால் போதும்.

கேள்வி: ரீஜெனில் வேகம் குறையும்போது பின்விளக்கு எரியுமா?

வேகம் குறையும் விதத்தைப் பொறுத்தது. ஐ.நா. பிரேக் விதியின்படி வேகக் குறைப்பு 1.3 மீட்டர்/வினாடி² அளவைத் தாண்டினால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும், 0.7-க்குள் இருந்தால் எரியக் கூடாது. சில ஹூண்டாய் மாடல்களில், மிதியிலிருந்து காலை முழுவதும் எடுத்தால்தான் விளக்கு எரியும் என்ற நிலை அமெரிக்காவில் விமர்சனத்துக்குள்ளாகி, பின்னர் மென்பொருளால் திருத்தப்பட்டது.

கேள்வி: டாடா நெக்ஸான் ஈவி மேக்ஸுக்கு ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) கூட்டும் அப்டேட் போட்டேன். 16 கிலோமீட்டர் கூடும் என்றார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. (திருச்சி)

2023-இல் வந்த அந்த அப்டேட், சான்றிதழ் ரேஞ்சை 437-இலிருந்து 453 கிலோமீட்டராக்கியது. ஏற்கெனவே வாங்கியவர்கள் சர்வீஸ் சென்டரில் போட்டுக்கொண்டார்கள். இது நான்கு சதவீதத்துக்கும் குறைவான முன்னேற்றம். சான்றிதழ் எண் ஆய்வுக்கூட உருளைகள் மீது கிடைப்பது. அங்கே எதிர்க்காற்றும் இல்லை, ஏசியும் ஓடாது. ஏசியை இரண்டு டிகிரி குறைத்து வைப்பதும் டயர் காற்றழுத்தம் குறைந்திருப்பதும் அந்த நான்கு சதவீதத்தை எளிதில் விழுங்கிவிடும். அப்டேட் பொய்யில்லை, ஆனால் உங்கள் அன்றாட ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்துபோகிறது.

கேள்வி: என் நண்பருக்கு நேர்மாறாக, அப்டேட்டுக்குப் பின் ரேஞ்ச் குறைந்துவிட்டது. கேட்காமலே இப்படிச் செய்யலாமா?

ஒதுக்கி வைத்ததை எடுத்துக் கொடுக்கும் அதே கைதான், கொடுத்ததைத் திரும்பவும் ஒதுக்குகிறது. 2019-இல் சில பழைய டெஸ்லா மாடல் எஸ் வண்டிகளின் பேட்டரி உச்ச மின்னழுத்தம் ஓர் அப்டேட்டால் குறைக்கப்பட்டது. உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021-இல் அமெரிக்காவில் 15 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. செவர்லே போல்ட் வண்டிகளில் பேட்டரி தீப்பற்றும் ஆபத்து தெரிந்தபோது, 2020 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்தும் மென்பொருளைப் போட்டது.

இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்த மாட்டேன். போல்ட் விஷயத்தில் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லி, வண்டியைத் திரும்ப அழைத்துச் செய்தார்கள். தீ அபாயத்துக்காகப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்க நானும் தயங்க மாட்டேன். சொல்லாமல் குறைப்பதுதான் குற்றம். உங்கள் நண்பர் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

எதிர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, 75 யூனிட் பேட்டரியை மென்பொருளால் சுருக்கி மலிவாக விற்ற வண்டிகளின் முழுக் கொள்ளளவையும் டெஸ்லா சில நாட்களுக்குத் திறந்துவிட்டது. மக்கள் நன்றி சொன்னார்கள். பூட்டு யார் கையில் இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் ஏறி வண்டி நின்றுவிட்டால்?

வண்டி ஓடும்போது பதிவிறக்கம் மட்டும் நடக்கலாம். நிறுவுவது வண்டி நின்று பூட்டிய பிறகே. இப்போதைய முக்கியக் கணினிகள் பலவற்றில் நினைவகம் இரு பகுதிகளாக இருக்கும். புதியது மறுபாதியில் எழுதப்பட்டு, சரிபார்த்த பின்பே அதற்கு மாறும். தவறினால் பழைய பாதி காப்பாற்றும். ஆனாலும் தவறு நேர்ந்ததுண்டு: 2023 நவம்பரில் அமெரிக்க மின்வண்டி நிறுவனமான ரிவியன் தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு ஓர் அப்டேட்டை அனுப்பிவிட, பல வண்டிகளின் திரை கறுத்துப்போனது. வண்டி ஓடியது, வேகமானி தெரியவில்லை. திரைக்கான கணினியும் மோட்டாருக்கான கணினியும் தனித்தனியாக இருந்ததால் அந்த அளவோடு தப்பித்தார்கள்.

கேள்வி: பழைய மென்பொருளுக்கே திரும்ப முடியுமா?

பொதுவாக உரிமையாளரால் முடியாது. பழைய பதிப்பின் பாதுகாப்பு ஓட்டைகள் திரும்பிவிடும் என்பதாலும், பிரேக், மோட்டார், பேட்டரிக் கணினிகள் ஒன்றோடொன்று பொருந்திய தொகுப்பாகவே சோதிக்கப்படுவதாலும் அவ்வழியை அடைத்துவைக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் அப்டேட் ஏறிய அன்று நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். "பொதுவான மேம்பாடுகள்" என்று மட்டும் எழுதியிருந்தால் கூடுதலாக ஐயப்படுங்கள். டிரைவ் மோடும் ரீஜென் அளவும் தானாக மாறியிருக்கின்றனவா என்று அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். பிறகு, நெரிசலில் நுழையுமுன், பின்னால் வண்டி வராத சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒருமுறை காலை எடுத்தும், ஒருமுறை பிரேக்கை அழுத்தியும் நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஒப்பிட வேண்டுமென்றால் அதே சாலை, அதே டயர் காற்று, ஏறக்குறைய அதே சார்ஜ் அளவு, அதே ஆள் எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டு, தேதியும் மென்பொருள் பதிப்பு எண்ணும் சேர்த்துக் குறித்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் "முன்ன மாதிரி இல்லை" என்று சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். பதிப்பு எண்ணோடும் அளவோடும் போனால் பதிவு செய்துகொள்வார்கள்.

சேலத்துக்காரர் தன் வண்டியின் பதிப்பு எண்ணையும், மிதியை முழுக்க அழுத்திப் பார்த்ததன் முடிவையும் எழுதி அனுப்பினால், அவருக்கு மட்டும் தனியாக இன்னொரு பதில் தருகிறேன்.