வெளிநாட்டுக் கடனில் எல்லை தாண்டும் ரயில் பாதை: வளரும் நாடுகளுக்கு இது லாபமா, சுமையா?

"வளரும் நாடுகள் வெளிநாட்டில் கடன் வாங்கிப் பக்கத்து நாட்டுக்கு ரயில் பாதை போடுவது சரியா? இது சீனா விரிக்கும் கடன் வலைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம் என்பது என் பதில். கடற்கரை இல்லாத நாடுகளுக்கு அதைவிட நல்ல வழி பெரும்பாலும் கிடையாது. ஆனால் கடன் கொடுத்தவர் எந்த நாட்டுக்காரர் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் உண்மையான ஆபத்து கண்ணில் படாது. ரயில் ஓட்டிச் சம்பாதிப்பது உள்ளூர் நாணயத்தில், கடனைத் திருப்பிக் கட்டுவது டாலரில். பாதையில் ஒரு பாதி நம் கையில், மறுபாதி இன்னோர் அரசின் கையில். இந்த இரண்டுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் கையெழுத்துப் போட்ட நாடுகள்தான் திண்டாடுகின்றன.

நான் நாகர்கோவில்காரன். ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியாவுக்குப் பக்கத்தில், கடற்கரை உள்ள சிறு நாடான ஜிபூட்டியில் ஒரு சரக்குக் கையாளும் நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். எத்தியோப்பியாவுக்குப் போகும் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்து, கப்பலிலிருந்து இறக்கி அனுப்புவது எங்கள் வேலை. ஆகவே ஜிபூட்டியையும் எத்தியோப்பியாவையும் இணைக்கும் ரயில் பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எத்தியோப்பியாவில் 12 கோடிக்கும் அதிகமான மக்கள் இருக்கிறார்கள். 1993இல் எரித்திரியா தனி நாடானதும் கடற்கரை முழுவதும் கைவிட்டுப் போனது. 1998இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டதால் எரித்திரியாவின் அசாப் துறைமுகமும் மூடிக்கொண்டது. அதன்பின் அந்த நாட்டின் ஏற்றுமதி இறக்குமதியில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஜிபூட்டி வழியாகவே நடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் போட்டு 1917இல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா வரை முடித்த மீட்டர் பாதை ஒன்று இருந்தது. அது நாளடைவில் சிதைந்துபோனது. எஞ்சியது எல்லை ஊரான கலாஃபி வழியாகப் போகும் சாலை. பாலைவன வெயிலில் லாரிகள் இரண்டு மூன்று நாள் உருண்டு தலைநகர் போய்ச் சேரும். மழைக்கு முன்பு உழவர் கைக்கு எட்ட வேண்டிய உரம் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஏற்றிப் போக லாரி இருக்காது. அந்தக் காத்திருப்பை அருகிலிருந்து பார்த்தவனுக்கு, "ஏழை நாட்டுக்கு எதற்கு ரயில்?" என்று கேட்க வாய் வராது.

புதிய பாதை சுமார் 750 கிலோமீட்டர் நீளம், முழுவதும் மின்மயம். எத்தியோப்பியப் பகுதி 2016 அக்டோபரிலும் ஜிபூட்டிப் பகுதி 2017 ஜனவரியிலும் திறக்கப்பட்டன. 2018 ஜனவரியில் வணிக ஓட்டம் தொடங்கியது. மொத்தச் செலவு ஏறத்தாழ 400 கோடி டாலர். அதில் பெரும்பகுதி சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியின் கடன். கட்டியவையும் சீன நிறுவனங்கள்தான். கடல் மட்டத்தில் புறப்படும் ரயில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறிப் போகிறது. பொறியியலாகப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம்.

சிக்கல்கள் தண்டவாளத்துக்கு வெளியேதான் இருந்தன. மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டது; மின்மய ரயிலுக்கு அது மூச்சுத் திணறல். ஒட்டகங்களும் மாடுகளும் அடிபட்டன. மேய்ப்பவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. அடிஸ் அபாபாவின் பயணிகள் நிலையம் நகரத்துக்கு வெளியே லெபுவில் இருக்கிறது, ஜிபூட்டியின் நிலையம் ஊருக்குப் புறத்தே நாகாத் என்ற இடத்தில் இருக்கிறது. ரயிலில் போன கண்டெய்னரைக் கிடங்கு வரை கொண்டுசேர்க்க மறுபடியும் லாரி பிடிக்க வேண்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த வணிகர் பலர், துறைமுக வாசலிலேயே லாரியில் ஏற்றி அனுப்புவது மேல் என்று முடிவு செய்தார்கள். கடன் தவணையோ ரயில் நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. 2018 செப்டம்பரில் எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது பெய்ஜிங் போய்வந்து, 10 ஆண்டுகளில் கட்ட வேண்டியிருந்த கடன் 30 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டதாக அறிவித்தார். ஒரு ரயில் பாதை வேர் பிடித்து நிற்கவே 10 ஆண்டு ஆகும். அதற்குள் கடனை அடைத்துவிடலாம் என்று தொடக்கத்தில் ஒப்புக்கொண்டதுதான் பெரும் பிழை என்பேன். அந்தக் கையெழுத்தை எந்த வல்லரசும் கையைப் பிடித்து வாங்கியதாக நான் நினைக்கவில்லை. திறப்பு விழாவின் அவசரம் வாங்கியது.

இனி நாணயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் வட்டிக்குப் பணம் புரட்டி வளைகுடா போகிறவர் ரூபாயில் கடன்பட்டு திர்ஹாமில் சம்பாதிக்கிறார். ரூபாய் சரிந்தால் அவர் கடன் சீக்கிரம் அடையும். ரயில் பாதை போடும் நாடு இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. 2024 ஜூலை இறுதியில் எத்தியோப்பியா தன் பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடம் விட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 57 பிர் அளவில் இருந்தது சில வாரங்களில் 100ஐத் தாண்டியது. ரயில் அதேதான், பாதையும் அதேதான்; உள்ளூர்க் கட்டணத்தில் அடைக்க வேண்டிய டாலர் கடன் மட்டும் ஏறத்தாழ இரு மடங்கானது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், தன் டாலர் கடன் பத்திரத்துக்கான வட்டியைக் கட்ட முடியாமல் அந்த நாடு தவறியிருந்தது.

இது இன்று முளைத்த சிக்கல் இல்லை என்பதைக் கேள்வி கேட்டவர் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டின் முதல் ரயில் பாதைகளும் அந்நிய முதலில் போடப்பட்டவையே. 1849 ஒப்பந்தங்களின்படி, லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமானம் உறுதி. ரயில் சம்பாதிக்காவிட்டால் குறையை இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு கட்ட வேண்டும். லாபம் உறுதியென்றால் சிக்கனமாகக் கட்ட யார் மெனக்கெடுவார்கள்? அக்கால ரூபாய் வெள்ளி நாணயம்; பிறகு வெள்ளியின் விலை சரிந்தது. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ், கிடைத்தது, 1890களின் நடுவில் 13 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. லண்டனில் பிரிட்டிஷ் பவுண்டில் கட்ட வேண்டிய தொகைக்கு இந்திய உழவர் கொடுத்த ரூபாய்கள் பெருகிக்கொண்டே போயின. தாதாபாய் நௌரோஜி போன்றவர்கள் நாட்டின் செல்வம் வடிந்து போகிறது என்று குரல் எழுப்பியதில் இந்த ரயில் கணக்கும் அடக்கம். அப்போது சீனாவும் இல்லை, எக்ஸிம் வங்கியும் இல்லை.

லாவோஸ் இன்னொரு வகை. சீன எல்லையான போத்தெனிலிருந்து தலைநகர் வியஞ்சான் வரை 400 கிலோமீட்டருக்கு மேல். 2021 டிசம்பர் 3இல் திறந்தார்கள். செலவு சுமார் 600 கோடி டாலர். அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியே அப்போது 2,000 கோடி டாலருக்குள்தான். பாதையில் பாதிக்கு மேற்பட்ட தொலைவு சுரங்கத்துக்குள்ளும் பாலத்தின் மேலுமே போகிறது. வேலை தொடங்குமுன் வியட்நாம் போர்க் காலத்தில் வெடிக்காமல் புதைந்த குண்டுகளைத் தேடி அகற்ற வேண்டியிருந்தது. பலன் உண்மையானது. மலைச்சாலையில் ஒரு பகலையே விழுங்கிய வியஞ்சான் - லுவாங் பிரபாங் பயணம் இப்போது இரண்டு மணி நேரம். தாய்லாந்தின் துரியன் பழம் இந்த வழியாகச் சீனச் சந்தைக்குப் போகிறது.

பாதையை நடத்தும் கூட்டு நிறுவனத்தில் சீனத் தரப்புக்கு 70 விழுக்காடு, லாவோசுக்கு 30 விழுக்காடு. செலவில் 60 விழுக்காட்டை அந்த நிறுவனமே கடனாக வாங்கியது. கடன் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் நாட்டின் கடன் கணக்கில் அது முழுதாகத் தெரியாது. நிறுவனம் நொடித்தால் கடைசியில் யார் கட்டுவது என்ற கேள்விக்கு மக்களுக்குத் தெளிவான விடை கிடைக்க வேண்டும். அதை மூடி வைப்பது பொதுமக்களுக்குச் செய்யும் அநீதி. இதற்கு நடுவே கிப் நாணயம் 2020இல் டாலருக்கு 9,000 அளவில் இருந்து 2023 முடிவில் 20,000ஐத் தாண்டியது.

மறுபாதிப் பாதை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதுவும் இங்கே தெரியும். சீனாவிலிருந்து வரும் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், தாய்லாந்தினுடையது 1,000. மேகாங் ஆற்றங்கரையில் ஒவ்வொரு கண்டெய்னரையும் ஒரு வண்டியிலிருந்து தூக்கி இன்னொன்றில் வைக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து எல்லைவரை தாய்லாந்து எப்போது அகலமான புதுப் பாதை போடுகிறதோ அப்போதுதான் லாவோஸ் போட்ட முதல் முழுதாகப் பலன் தரும். அந்த நாளைத் தீர்மானிக்கும் உரிமை லாவோசுக்கு இல்லை.

கென்யாவின் கதை இதைவிட வருத்தமானது. மொம்பாசா துறைமுகத்திலிருந்து நைரோபிக்கு 2017இல் புதுப் பாதை வந்தது. உகாண்டா எல்லையை எட்ட வேண்டிய அது 2019இல் நைவாஷாவோடு நின்றது. மேற்கொண்டு போகப் பணம் கிடைக்கவில்லை. எல்லை தாண்டினால்தான் கணக்கு நேராகும் என்று தெரிந்தே தொடங்கி, எல்லையைத் தொடாமல் நிற்கும் பாதை. வருமானத்தைக் கூட்டுவதற்காக இறக்குமதிச் சரக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. மொம்பாசாவின் லாரித் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். 2022இல் ஆட்சிக்கு வந்த அதிபர் ரூட்டோ அந்தக் கட்டாயத்தை நீக்கினார்.

லாபக் கணக்கு மட்டுமே அளவுகோல் என்று நான் சொல்லவில்லை. தான்சானியாவையும் சாம்பியாவையும் இணைக்கும் டசாரா பாதை 1,860 கிலோமீட்டர். 1965இல் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சி தன்னிச்சையாக விடுதலை அறிவித்தபின் சாம்பியாவின் செம்புக்குத் தெற்கு வழி ஆபத்தானதாகிவிட்டது. இந்தப் பாதைக்குக் கடன் தர உலக வங்கி மறுத்தது. தானே ஏழை நாடாக இருந்த சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்து 1975இல் கட்டி முடித்தது. பல ஆண்டுகள் நட்டத்தில்தான் ஓடியது. ஆனாலும் இனவெறி அரசுகளிடம் கையேந்தாமல் ஒரு நாடு தன் செம்பைக் கடலுக்குக் கொண்டுபோக முடிந்தது. அந்த மதிப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது? வட்டி இல்லை என்பதையும் இங்கே கவனியுங்கள். அரசியல் காரணத்துக்காகப் போடும் பாதைக்கு அரசியல் விலையில்தான் பணம் வர வேண்டும். வணிக வட்டியில் வாங்கி அரசியல் பாதை போடுவது நாட்டைக் கவிழ்க்கும்.

கட்டுமான வேலை கடன் கொடுத்த நாட்டின் நிறுவனங்களுக்கே போவதைப் பலர் சீனாவின் குற்றமாகச் சொல்கிறார்கள். இந்தியா கொடுக்கும் கடன் வசதியிலும் பொதுவாக 75 விழுக்காடு பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்துதான் வாங்க வேண்டும். போட்டி ஒப்பந்தப்புள்ளி இல்லாத இடத்தில் விலை ஏறும். அது எந்த நாட்டுக் கடனுக்கும் பொருந்தும்.

மறுபாதிப் பாதையின் சிக்கல் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு எளிதாகப் புரியும். இங்கே ரயில் வந்ததே 1979இல்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு முதலில் வந்தது, பிறகு 1981இல் திருநெல்வேலியோடு இணைந்தது. திருநெல்வேலிப் பக்கம் இரட்டைப் பாதை முடிந்துவிட்டது. திருவனந்தபுரம் பக்கம் நிலம் எடுப்பதில் இழுத்துக்கொண்டே போனது. ஒரே நாடு, ஒரே ரயில்வே, நடுவில் மாநில எல்லை மட்டும். அதற்கே இந்தப் பாடு என்றால் இரண்டு நாடாளுமன்றம், இரண்டு சுங்கத்துறை, இரண்டு நாணயம் உள்ள இடத்தை நினைத்துப் பாருங்கள். 2023 நவம்பரில் அகர்தலா - அகௌரா இணைப்பை இந்தியாவும் வங்கதேசமும் சேர்ந்து திறந்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் டாக்காவில் கலவரம் மூண்டதும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கொல்கத்தா - டாக்கா மைத்ரி எக்ஸ்பிரசும் நின்றது. அகௌரா இணைப்பில் இந்தியப் பணம் மானியமாகப் போனதால், ஓடாத ரயிலுக்காக வங்கதேச மக்கள் அந்தப் பங்குக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை. கடனாக இருந்திருந்தால் தவணை நிற்காது.

ஆகவே எந்த நாட்டு அமைச்சராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்பே நாடாளுமன்றத்தில் வையுங்கள். கடனில் ஒரு பங்கையாவது உள்ளூர் நாணயத்தில் கேளுங்கள், அல்லது ஏற்றுமதிச் சரக்குக்கு டாலரில் கட்டணம் வாங்க வழி செய்யுங்கள். முதல் தவணை, ரயில் முழு அளவில் ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்க வேண்டும். எல்லைக்கு அப்பால் உள்ள அரசு தன் பகுதியைக் கட்டத் தவறினால் அதற்கும் தொகை குறித்து ஒப்பந்தம் எழுதுங்கள். துறைமுகத்திலிருந்து கிடங்கு வரை ரயில் போகாத திட்டத்துக்குக் கையெழுத்தே போடாதீர்கள். ஜிபூட்டியில் நான் கண்ட வீண் செலவில் பாதி அந்தக் கடைசி சில கிலோமீட்டரில்தான் போனது.

ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு ரயில் விடலாமா என்றும் கேள்வியின் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை ஒரே டிக்கெட்டில் போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இந்தியக் கடன் வசதியில் 2015இல் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்துவிட்டது. இந்தப் பக்கம் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரு நாட்டு அகலப் பாதையும் ஒரே 1,676 மில்லிமீட்டர் என்பதால் லாவோசுக்கு உள்ள தடை இங்கே இல்லை. முதலில் கப்பல் சேவையைத் தொடங்கி, சில ஆண்டுகள் சரக்கும் பயணிகளும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கடல்மேல் பாலம் அதற்குப் பிறகு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டை அதற்காக டாலரில் கடன் வாங்கச் சொல்லக் கூடாது. இந்தியா கட்ட விரும்பினால் மானியமாகக் கட்டட்டும், இல்லையென்றால் ரூபாயில் நீண்ட தவணைக்குக் கொடுக்கட்டும். தலைமன்னார் மீனவர்களையும் ராமேஸ்வரம் மீனவர்களையும் உட்காரவைத்துப் பேசிய பிறகே வரைபடம் போட வேண்டும்.